கீர்த்தனா எந்த வகுப்பு?

சார்,

நம் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் அறிவியல் ஆசிரியையின் எண்ணை இன்று காலை போனில் தேடினேன். 'சயின்ஸ்' என்று தட்டியதும் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று சயின்ஸ் மிஸ். இன்னொன்று சயின்ஸ் சார். நீங்கள் போன பிறகும் உங்கள் எண்ணை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாளும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று வட்டம்தான் இருந்தது. இன்று அதற்குள் ஒரு முகம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் பைக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். நான் பார்த்தே இராத முகம்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மனைவி ரீசார்ஜ் செய்வதை நிறுத்தியிருப்பார். எண் வேறு யாருக்கோ போயிருக்கும். அந்தப் பையன் உங்களை அறியமாட்டான். அவன் மேல் ஒரு தவறும் இல்லை. இவ்வளவும் புரிந்தும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். உங்கள் பெயருக்குப் பின்னால் வேறொருவன் நிற்பதை நான் பார்ப்பது இது முதல் முறை அல்லவே.

ஊரடங்கில் பள்ளியைப் பூட்டியபோது நாங்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் மட்டும் ஸ்கூட்டர் கண்ணாடியில் போனைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினீர்கள். "ஸ்கூலு மூடுனா பாடமும் மூடணும்னு எவன் டீச்சர் சொன்னான்?" என்று கேட்டீர்கள். தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், இரும்பிலிருந்து தீப்பொறி பறப்பதைப் படம் பிடித்து உராய்வு பாடம் நடத்தினீர்கள். அந்தப் பட்டறையில் வேலை செய்த முருகையன்தான் உங்களுக்குப் போனைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் நந்தினி நம் பள்ளியில் படிக்கிறாள் என்பதில் அவருக்குப் பெருமை. "எம் பொண்ணு பாக்குற பாடத்துக்கு நாந்தான் கேமராமேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் அஞ்சலையை உட்காரவைத்து, ஐஸில் உப்பைப் போட்டால் ஏன் இன்னும் குளிர்கிறது என்று ஒரு வீடியோ எடுத்தீர்கள். அஞ்சலை வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததையே பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

என்னையும் விடவில்லை நீங்கள். போன் என்றால் பேச மட்டும்தான் என்றிருந்த இந்தக் கணக்கு டீச்சரிடம், இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை இடைவெளி விட்டு வைத்து, மேலே குறுக்கே ஸ்கேலைப் போட்டு அதில் போனைக் குப்புறப் படுக்கவைத்தால் தாளில் போடும் கணக்கு நேராகத் தெரியும் என்று காட்டிக்கொடுத்தீர்கள். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அரிசி டப்பாவுக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவில் நான் இருபடிச் சமன்பாடு நடத்தினேன்.

பள்ளி திறந்த பிறகும், பாடத்துக்காக நீங்கள் போனில் ஆரம்பித்திருந்த குரூப் ஓடியது. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அதில் சந்தேகம் கேட்பார்கள், நீங்கள் குரலில் பதில் சொல்வீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பிள்ளைகள் பேச வேண்டும். அந்த வாரப் பாடத்தை ஒவ்வொருவரும் தம் சொந்தக் குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். "எழுதறத யாரு வேணா எழுதிக் குடுக்கலாம் டீச்சர். பேசினாத்தான் புள்ளைக்கு இன்னா புரிஞ்சுதுன்னு தெரியும்" என்பீர்கள். போன் மாற்றிய பிள்ளைகள் உங்களைத் தேடி அலைய வேண்டாமே என்று, இணையத்தில் போட்ட வீடியோக்களுக்குக் கீழேயே குரூப்பில் சேரும் லிங்கைப் போட்டு வைத்தீர்கள். கதவைத் திறந்து வைத்தால்தானே பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மழைக்காலத்தில் கீர்த்தனா வந்தாள்.

பெயருக்குப் பக்கத்துப் படத்தில் ஒரு ரோஸ் நிற முயல் பொம்மை. காலையில் முதல் 'குட் மார்னிங் சார்' அவளுடையது. நீங்கள் ஒரு கேள்வி போட்டால் முதல் பதிலும் அவளுடையது. யாராவது பள்ளிக்கு வராவிட்டால், 'நோட்ஸ் நான் அனுப்பறேன்டி, தனியா மெசேஜ் பண்ணு' என்பாள். என் கணக்கைக்கூட ஒரு நாள் அழகாகப் போட்டு அனுப்பினாள். 'வெரி குட் கீர்த்தனா' என்று பதில் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இல்லையென்றால் அண்ணன் தூங்குவான். இல்லையென்றால் மைக் ரிப்பேர். "எழுத்துல இந்தப் போடு போடுது, வாயைத் திறக்கமாட்டேங்குதே இந்தப் புள்ள" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

பிறகு ஒரு நாள் மதியம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டீர்கள்.

"டீச்சர், இந்தக் கீர்த்தனா எந்த வகுப்பு? நேர்ல ஒரு நாள் புடிச்சி பேச வெக்கணும்."

"பி செக்ஷன் சார்" என்றேன் நான்.

பி செக்ஷன் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயா? உங்க ஏ செக்ஷன்னுதானே நான் நெனச்சினு இருக்கேன்."

"ஒம்பதாவதா இருக்குமோ?" என்றார் ஆங்கில சார். ஒன்பதாம் வகுப்பு டீச்சர் இல்லை என்று தலையாட்டினார்.

மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அவள் இன்னொருவருடைய பிள்ளை என்று நம்பியிருக்கிறோம். நீங்கள் மெதுவாக டப்பாவை மூடினீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

தலைமையாசிரியை அம்மாவிடம் போனோம். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துக்காரர், ஆண் ஆசிரியர்களை 'மிஸியே' என்றுதான் கூப்பிடுவார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"குரூப்பை உடனே மூடுங்க மிஸியே. வெளியில தெரிஞ்சா ஸ்கூல் பேரு போயிடும்."

"மூடினா அவன் பூடமாட்டான் மேடம்" என்றீர்கள். அவன் என்று நீங்கள் சொன்னதை நான் அப்போதுதான் கவனித்தேன். "புள்ளைங்களோட தனியா பேசினு இருக்கான். எந்தெந்தப் புள்ளன்னு நமக்குத் தெரியாது. மொதல்ல அதைக் கண்டுபிடிக்கணும். நான் கேட்டா பொண்ணுங்க சொல்லாது. டீச்சர் கேக்கட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசிப் பீரியடில் பெண் பிள்ளைகளை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்தேன். கீர்த்தனாவை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். யார் நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கையும் இல்லை.

"ரொம்ப நல்லவ டீச்சர். நான் அழுதா அவதான் ஆறுதல் சொல்லுவா."

"அவளுக்கு அம்மா இல்ல டீச்சர். அண்ணன் மட்டுந்தான்."

"எங்கம்மா எத்தன மணிக்கு வேலைக்குப் போவுதுன்னு கேட்டா டீச்சர். அப்பத்தான் ப்ரீயா பேசலாமாம்."

ஒரு பெண்ணிடம் அவள் ஒன்பதாம் வகுப்பு. இன்னொருத்தியிடம் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தவள். மூன்றாமவளிடம், யூனிபார்ம் இல்லாமல் ஒரு போட்டோ அனுப்பேன், எப்படி இருக்கிறாய் என்று பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். கீர்த்தனா என்று யாரும் நம் பள்ளியில் இல்லை, இனி பதில் போடாதீர்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நந்தினி மட்டும் தலையைக் குனிந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "உனக்குப் பழக்கமாம்மா?" என்றேன். "அவ்ளோ பழக்கம் இல்ல டீச்சர்" என்றாள். அவள் பக்கத்தில் இருந்த திவ்யா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குள்ளேயே கிடந்தது. மறுநாள் விடுமுறை. காலையில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு நந்தினியின் வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் அம்மா எடுத்தார்.

"நந்தினி இருக்காளாம்மா?"

"இன்னா டீச்சர் இப்பிடி கேக்குறீங்க? ஸ்பெஷல் கிளாஸுன்னு சார்தானே மெசேஜ் போட்டாரு. காலயிலயே பூட்டா. பச்சை சுடிதாரு போட்டுனு போறேன்னா, லீவு நாளுதானேன்னு நானும் சரின்னுட்டேன்."

அந்த மெசேஜை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று நீங்கள் சிரிக்கும் படம், உங்கள் வீடியோவிலிருந்து எடுத்தது. கீழே, 'நாளை சிறப்பு வகுப்பு உண்டு. மாணவிகள் தவறாமல் வரவும்.' உங்களுக்கு அதை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"என் நம்பர் இல்ல டீச்சர்" என்றீர்கள். "என் மூஞ்சி மட்டுந்தான்."

நீங்கள் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நான் திவ்யாவைப் போனில் பிடித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். இன்று கீர்த்தனாவுக்குப் பிறந்தநாள். வீடு கனகசெட்டிக்குளத்தில். பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் அவள் அண்ணன் பைக்கில் வந்து அழைத்துப்போவான். அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று நான் சொன்னதை நந்தினி நம்பவில்லையாம். டீச்சருக்குக் கீர்த்தனாவைப் பிடிக்காது, அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று கீர்த்தனாவே அவளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் நம் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு. எல்லை என்பதால் சாராயக் கடைகளும் வெளியூர் வண்டிகளும் நிறைய. யார் எங்கே நின்றாலும் ஏன் நிற்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். நாம் ஊரைத் தாண்டிக் கோட்டக்குப்பம், காலாப்பட்டு வழியாகப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நந்தினியின் போன் அணைந்திருந்தது. நீங்கள் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே போனில் எதையோ தேடினீர்கள். அஞ்சலையின் எண். ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"இன்னா சார், இன்னிக்கும் படம் புடிக்க வரியா?"

"அஞ்சலை, எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாப்பு பக்கம்தான். வஞ்சிரம் கொஞ்சம் வந்துச்சு, அத்த வித்துனு..."

"அங்க பச்சை சுடிதார்ல ஒரு பொண்ணு நிக்குதா பாரு."

சற்று நேரம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"ஆமா சார். கையில கிப்ட்டு பார்சலு வெச்சினு நிக்குது. ஹெல்மெட்டு போட்டுனு எவனோ வந்து பேசினு இருக்கான். வண்டியில ஏறுது சார்."

"ஓடு அஞ்சலை. போனை அந்தப் பொண்ணு காதுகிட்ட புடி. ஓடு!"

செருப்புச் சத்தம் கேட்டது. அஞ்சலையின் மூச்சு கேட்டது. "ஏய் பொண்ணு! ஏ! உங்க வாத்தியாரு போன்ல இருக்காருடி!" என்று அவள் போட்ட சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். நான் உங்கள் ஸ்கூட்டர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளிடம் பேசுவீர்களே, அதே நிதானத்தில் பேசினீர்கள்.

"நந்தினி. நான் சார் பேசறேன்மா. வண்டிய வுட்டு எறங்கிடு. அந்த அக்கா கையப் புடிச்சிக்கோ. நாங்க வந்துட்டே இருக்கோம்."

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம்.

"பூட்டான் சார்" என்றாள் அஞ்சலை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினாள். "பொண்ணு இங்கதான் இருக்கு. எங்கையிலதான் இருக்கு."

நீங்கள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். உங்கள் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. சற்று நேரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

நாம் போனபோது நந்தினி மீன் பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பளபளத்த காகிதத்தில் சுற்றிய பார்சல். அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "கீர்த்தனா எங்க டீச்சர்? அவ எனக்காகக் காத்துனு இருப்பா" என்றாள். நீங்கள்தான் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, "அப்பிடி யாரும் இல்லம்மா. இத்தன நாளா உங்கிட்ட பேசினது அவன்தான்" என்றீர்கள். அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்சலைத் தரையில் போட்டுவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் சுடிதாரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

போலீசில் சொன்னோம். நல்லபடியாகத்தான் விசாரித்தார்கள். கீர்த்தனாவின் எண்ணும் உங்கள் படம் போட்டு வந்த எண்ணும் வேறு மாநிலத்தில் இருக்கும் ஏதோ ஒரு கிழவியின் பெயரில் வாங்கியவை. அவருக்குப் போனே கிடையாதாம். வண்டி எல்லையைத் தாண்டி வடக்கே போயிருக்கிறது. அஞ்சலை பார்த்தது ஹெல்மெட்டை மட்டும். அவன் கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

ஆனால் ஊருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கைக்குக் கிடைத்தது உங்களுடையது.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடியும் நேரத்தில் முருகையன் நாலைந்து பேரோடு கேட்டுக்குள் வந்தார். லேத் பட்டறையில் உங்களுக்குப் போன் பிடித்த அதே கை உங்கள் சட்டைக் காலரைப் பிடித்தது. இன்னொரு கையில் அந்த மெசேஜ்.

"இது உன் மூஞ்சிதானடா?"

"ஆமாங்க, என் மூஞ்சிதான். ஆனா நம்பரு என்னுது இல்லங்க. கொஞ்சம் கேளுங்க..."

நான் நடுவில் புகுந்தேன். தலைமையாசிரியை ஓடி வந்தார். முருகையனைப் பிரித்து உட்காரவைத்துச் சொல்லிப் புரியவைக்க மதியம் ஆனது. அதற்குள் கேட்டருகில் நின்ற யாரோ ஒரு பெற்றோர் எடுத்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. அதில் காலரைப் பிடிப்பது இருந்தது. கேள்வி இருந்தது. 'ஆமாங்க, என் மூஞ்சிதான்' என்ற பதில் இருந்தது. அதோடு வெட்டியிருந்தார்கள். மேலே, 'மாணவியை மயக்கிய வாத்தியார்' என்று சிவப்பு எழுத்து. நீங்கள் எனக்குப் பழக்கிக் கொடுத்த என் கணக்கு குரூப்பிலேயே அது வந்து விழுந்தது.

விசாரணை முடியும் வரை விடுப்பில் இருக்கச் சொன்னார்கள். முடிந்தது. உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். முருகையன் உங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாராம். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தீர்களாம். "எம் பொண்ணுக்கு இப்பிடின்னா நானும் அதான் பண்ணியிருப்பேன் போ" என்றீர்களாம். அவரே, நடந்தது என்ன என்று பேசி ஒரு வீடியோ போட்டார். மகள் பெயரைச் சொல்ல முடியாமல், தடுமாறித் தடுமாறிப் பேசினார். அதை யாரும் வேறெங்கும் அனுப்பவில்லை.

நீங்கள் திரும்பி வந்து குரூப்பைப் புதிதாக ஆரம்பித்தீர்கள். லிங்க் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையையும் அம்மாவோடோ அப்பாவோடோ நேரில் பார்த்த பிறகுதான் சேர்த்தீர்கள். சிலர் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீண்டும் ஒரு பாடம் எடுத்து இணையத்தில் போட்டீர்கள், கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்று. அடுத்த நாள் காலை என்னிடம் போனை நீட்டினீர்கள். பாடத்துக்குக் கீழே முதல் கருத்து. ரோஸ் நிற முயல். 'குட் மார்னிங் சார்.'

அவ்வளவுதான். வேறொன்றும் எழுதவில்லை. போலீசுக்குக் கொடுத்தோம். அந்த அக்கவுண்ட் அன்றே காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் சார் உங்களிடம் அந்த மாற்றம். சிக்னலில் ஹெல்மெட் போட்ட எவனாவது பக்கத்தில் வந்து நின்றால் அவன் கண்ணாடிக்குள் உற்றுப் பார்ப்பீர்கள். பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசை ஆண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பீர்கள். "அவனுக்கு நம்ம பாடம் எல்லாம் தெரியும் டீச்சர்" என்றீர்கள் ஒரு நாள். "ஒண்ணு வுடாம பாத்திருக்கான். என் ஸ்டூடண்ட்டுங்கள்ளயே நல்லா கவனிச்சது அவன்தான்." சிரிக்கப் பார்த்தீர்கள். சிரிப்பு வரவில்லை.

இரண்டு கோடை கழிந்து, பள்ளிக்குக் கிளம்பி ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் மனைவி சொன்னார். மாரடைப்பு. உங்களுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, தெருமுனையில் நின்ற இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "யாரு, அந்த வீடியோ வாத்தியாரா?" நான் நின்று அவர்களிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது.

நீங்கள் செத்தும் அந்த வீடியோ சாகவில்லை சார். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் சமயத்தில் எங்கிருந்தோ கிளம்பி வருகிறது. 'பெற்றோர்களே உஷார்' என்று மேலே எழுதியிருக்கும். ஒரு வருடம் அதைக் கடலூர் என்றார்கள், இன்னொரு வருடம் சேலம் என்றார்கள். ஊர் மாறும், உங்கள் முகம் மாறாது. என் தங்கையின் அபார்ட்மெண்ட் குரூப்பில் வந்தது. கோயில் குரூப்பில் வந்தது. வரும் இடத்திலெல்லாம் என் பெயரையும் பள்ளியையும் போட்டு, இவர் அப்படிப்பட்டவர் அல்ல, நான் கூடவே இருந்தவள் என்று எழுதுகிறேன். சிலர் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போடுவார்கள். பலர் அதுகூடப் போடுவதில்லை. சிறிது நேரத்தில் அதன்மேல் நகைக்கடை விளம்பரமும் பிறந்தநாள் வாழ்த்தும் வந்து ஏறிக்கொள்ளும்.

போன வாரம் நந்தினி வீட்டுக்கு வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், உயரமாகிவிட்டாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் போனிலிருந்து எனக்கு ஒன்றை அனுப்பினாள். அவள் குரல். தன் பெயரைச் சொல்கிறாள். 'அந்தப் பொண்ணு நான்தான்' என்கிறாள். அன்று காலை பஸ் ஸ்டாப்பில் நடந்ததை, வண்டியின் பின் சீட்டில் ஒரு காலைப் போட்டுவிட்ட பிறகு போனிலிருந்து உங்கள் குரல் கேட்டதை, இறங்கியதை, எல்லாவற்றையும் சொல்கிறாள். ஓரிடத்தில் மட்டும் மூச்சு வாங்குகிறது. மற்றபடி தெளிவாகப் பேசுகிறாள்.

"அடுத்த தடவ அந்த வீடியோ வந்தா, இத்த கீழ போடுங்க டீச்சர்."

"அவன் இன்னும் புடிபடலடி. எந்தக் குரூப்புல இருக்கான், எந்தப் பேருல இருக்கான், நமக்கு இன்னா தெரியும்? உன் பேரும் குரலும் அவன் கைக்குப் போவும். இப்பல்லாம் ஒருத்தர் குரல வெச்சி அவங்க பேசாததையே பேசினா மாதிரி பண்ணிடறாங்க."

"தெரியும் டீச்சர்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அவன் எங்கயோ இருக்கான்னுதான் நான் இத்தன வருஷம் வாயத் தொறக்கல. சார் எங்கயுமே இல்லையே."

அவளைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறி, உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையாட்டும் வரை நின்றேன். பஸ்ஸுக்குப் பின்னால் எந்த வண்டி போகிறது என்று பார்த்தேன். இது உங்களிடமிருந்து வந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது.

அவள் குரல் என் போனில் இருக்கிறது. பலமுறை கேட்டுவிட்டேன். அவள் இப்போது சிறுமி அல்ல. பேசுவதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது, மறுக்க எனக்கு உரிமை இல்லை. உங்களைக் கேட்டிருந்தால் அவள் பெயர் வெளியே வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இருந்த வரைக்கும் அதற்காகத்தானே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். அவளிடம் அதையும் போனில் சொன்னேன். "அதனாலதான் டீச்சர்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன் சார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அந்த வீடியோ வரும். இந்த முறை எந்த ஊர் என்று தெரியாது, ஆனால் வரும். வந்தவுடன் அவள் குரலைக் கீழே போடுவேன். அதை யார் யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்பவர்களில் அவனும் ஒருவன் என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஒன்று விடாமல், முழுவதும் கேட்பான்.

கேட்கட்டும்.